முப்பது இருந்த இடத்தில் அறுபது

என் அக்காவின் கணவர் கார்களில் பாட்டுச் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப், ஸ்பீக்கர், அதிரவைக்கும் வூஃபர் பொருத்துகிறவர். எங்கள் தெருவில் அவருக்குப் பட்டப்பெயர் பயந்தான். நேரில் அப்படிக் கூப்பிடும் தைரியம் பக்கத்து டயர்க்கடைக்காரருக்கு மட்டும்தான் உண்டு.

“என்ன பயந்தான், இன்னைக்கு எத்தனை கார் எரிஞ்சுது?”

“மொதல்ல வாயக் கழுவுங்க,” என்பார் அத்தான். சிரிக்க மாட்டார்.

வேறொருவர் கடையில் அவர் வேலை பார்த்த நாளில், பொருத்திக் கொடுத்த கார் ஒன்று மறுநாள் வாசலில் நின்றபடியே எரிந்து போயிருக்கிறது. உள்ளே ஆள் இல்லை. இருந்தாலும் அன்று பிடித்த பயம் அவரை விடவில்லை. எந்த ஸ்பீக்கர் வந்தாலும் மீட்டரை வைத்து அதன் மின்தடை எத்தனை ஓம் என்று பார்ப்பார். ஆம்ப்பின் முதுகில் எழுதியிருப்பதைக் கண்ணாடி போட்டு இரண்டு தடவை படிப்பார். வண்டியைக் கொடுத்தனுப்பிய பிறகு, சாப்பாட்டில் கை வைத்தபடியே போன் போட்டு, “ஆம்ப் சூடாகுதா? தொட்டுப் பாத்தீங்களா?” என்று கேட்பார். அக்காவுக்கு எரிச்சல் வரும்.

“கல்யாணத்தன்னைக்கு என்னைக்கூட இவ்வளவு விசாரிக்கல இந்த மனுஷன்.”

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அந்தக் கடைக்கு வந்தவள். ஒயர் முனை சீவுவது, கிளிப் அழுத்துவது, பெட்டிக்குத் துணி ஒட்டுவது என் வேலை. வாடிக்கையாளர் வந்தால் மேசைக்குப் பின்னால் குனிந்துகொள்வேன். பதினோரு வருடமாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்ததில் வேலை முழுவதும் தெரிந்துவிட்டது. பேசத்தான் வராது.

அன்று அத்தான் ஒயர் வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்தார். மூன்றேகால் மணிக்கு ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. வாடகைக்கு ஓட்டுகிறவர். போன மாதம் அத்தான்தான் அவருக்கு ஆம்ப் போட்டு, அதற்குப் பொருத்தமாக நாலு ஓம் வூஃபர் ஒன்று வைத்துக் கொடுத்தார்.

“பாட்டு பாதியில நிக்குதும்மா. பேட்டரிகிட்ட இருக்கிற ஃபியூஸ் நேத்துலேருந்து மூணு போயிடுச்சு. பெருசா ஒண்ணு குடு.”

நான் எட்டிப் பார்த்தேன். டிக்கியில் இரண்டாவதாக ஒரு வூஃபர் பெட்டி இருந்தது. நாங்கள் வைத்தது இல்லை; அதன் முதுகிலும் நாலு ஓம் என்றே எழுதியிருந்தது. அதன் ஒயரை முதல் பெட்டியின் ஒயரோடு சேர்த்து முறுக்கி, டேப் சுற்றியிருந்தார்கள். ஒரே ஆம்ப்பில் நாலு ஓம் பெட்டிகள் இரண்டை அப்படிச் சேர்த்தால் இரண்டு ஓம் ஆகிவிடும். எண்ணைப் பார்த்தால் குறைந்தது போலத் தோன்றும். ஆம்ப்புக்குப் பாரம் இரட்டிப்பாகும். அந்த ஆம்ப் நாலுக்குக் கீழே தாங்காது. ஃபியூஸ் போனதே அதைச் சொல்லத்தான்.

“அத்தான் வந்துடுவாங்க...” என்றேன்.

“உங்க அத்தான் வந்தா ஓமப் பாக்கணும், ஒயரப் பாக்கணும்னு இருட்ற வரைக்கும் உக்கார வச்சிடுவாரு. எனக்கு நேரமில்ல. பொண்டாட்டி புள்ளைங்கள ஏத்திட்டு மூணு மணி நேரம் ஓட்டணும். அதோ, அந்த அறுபத எடு.”

முப்பது ஆம்பியர் ஃபியூஸ் இருந்த இடத்தில் அறுபது. ஒயரோ முப்பதுக்கு இழுத்தது; அறுபதைப் போட்டால் ஃபியூஸ் போகாது, ஒயர்தான் எரியும். பிள்ளைகள் கால் வைக்கும் கம்பளத்துக்கு அடியில் அதை இழுத்தவளே நான்தான். ‘மாட்டேன்’ என்ற ஒரு சொல் தொண்டைவரை வந்தது. அவர் கையை நீட்டிக்கொண்டே நின்றார். எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவரே மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மூன்றரைக்கு அத்தான் வந்தார். “யாராவது வந்தாங்களா?”

“இல்ல.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. கிளிப் அழுத்த உட்கார்ந்தேன். இந்நேரம் ஏறியிருப்பார்களா? சின்னப் பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்குமா? நாலு கிளிப்பைக் கோணலாக அழுத்திக் கெடுத்தேன். கடிகாரம் நாலு காட்டியபோது என்னை மீறிச் சொல்லிவிட்டேன்.

அத்தான் உடனே டிரைவருக்குப் போன் போட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டார்.

“பாட்டு ஓடிட்டிருக்கும். அவருக்கு எப்படிக் கேக்கும்? வீடு எங்க?”

பில் புத்தகத்தில் பார்த்துச் சொன்னேன், பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அடுக்குமாடி. நான் ஸ்கூட்டரின் பின்னால் ஏறினேன். வழி முழுக்க அவர் தனக்குத் தானே புலம்பிக்கொண்டு வந்தார். “அவங்க கெளம்பிப் போயிருக்கக் கூடாது, போயிருக்கக் கூடாது.” புகை தெரிகிறதா என்று ஒவ்வொரு திருப்பத்திலும் பார்த்தேன்.

வாசலுக்குள் நுழையும் முன்பே அதிர்வு நெஞ்சில் இடித்தது. கார் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் கார் மேலே துணிப்பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். பாத்திரத்தின் பிடி அடுப்பில் கருகுவது போல ஒரு வாடை. அத்தான் ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு ஓடினார். அவர் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை.

நான் போய்ப் பின்கதவைத் திறந்தேன். “எறங்குங்க! செருப்பு வேணாம், எறங்குங்க!” என்று அலறினேன். பிள்ளைகள் என்னைப் பார்த்து அழுதார்கள். கையைப் பிடித்து இழுத்து வெளியே விட்டேன்.

“யாரும்மா நீ? புள்ளைங்கள ஏன் இழுக்கிற?” அவர்களின் அம்மா என் தோளைப் பிடித்துத் தள்ளினாள்.

அதற்குள் அத்தான் பானெட்டைத் திறந்து ஃபியூஸைப் பிடுங்கியிருந்தார். பாட்டு நின்றது. சுட்டுக்கொண்ட விரல் நுனிகளை வாயில் வைத்துக்கொண்டு வந்து கம்பளத்தைத் தூக்கினார். சிவப்பு ஒயரின் மேல்தோல் இளகிக் கம்பளத்தோடு ஒட்டியிருந்தது. ஓரிடத்தில் உள்ளே செம்பு தெரிந்தது.

டிரைவர் எட்டிப் பார்த்தார். அவர் மனைவியும் பார்த்தாள்.

“ஊரே அதிரணும்னு சொன்னீங்களே,” என்றாள் அவரிடம். “இந்தா, அதிருது.”

“அறுபத உங்க கடையிலதானே குடுத்தாங்க?” என்று அவர் அத்தானிடம் எகிறினார்.

“எங்க கடையிலதான். தப்பு எங்களுதுதான்,” என்றார் அத்தான். “ஒரே தொட்டி, ரெண்டு குழாயும் தொறந்து விட்டா நிரப்புற மோட்டார் எப்படித் தாங்கும்? அதான் உங்க ஆம்ப்புக்கு நடந்தது. இன்னைக்குப் பாட்டு வேணாம். நாளைக்கு வாங்க, ஒயர மாத்தி, ஒரு பெட்டிய மட்டும் வச்சுத் தர்றேன்.”

டிரைவர் டிக்கியைத் திறந்து இரண்டாவது பெட்டியை இறக்கிச் சுவர் ஓரமாக வைத்தார். அத்தான் ஆம்ப்புக்குப் போகும் ஒயரை இரு முனையிலும் கழற்றி, டேப் சுற்றி, மூன்று தடவை இழுத்துப் பார்த்த பிறகே பிள்ளைகளை ஏறவிட்டார்.

திரும்பும்போது அத்தானின் விரல் கொப்பளித்திருந்ததால் நான்தான் ஸ்கூட்டரை ஓட்டினேன். சிக்னலில் நின்றோம்.

“எத்தனை மணிக்கு வந்தாரு?” என்று பின்னாலிருந்து கேட்டார்.

“மூணேகால்.”

சிக்னல் மாறியது. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

“அவ்வளவு நேரம் என்ன பண்ணிட்டிருந்த?”

“பயந்துட்டிருந்தேன், அத்தான்.”

“நானுந்தான் பயப்படறேன். ஊரே சிரிக்குது, அதுக்காக வாய மூடிட்டா இருக்கேன்?” அவர் குரல் உடைந்தது. “என்னைய விட்டுட்டுத் தனியா ஏம்மா பயந்த?”

வண்டியை எடுத்தேன். கைப்பிடியில் என் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. என் தோளைப் பிடித்திருந்த அவர் கையும்தான்.