மாஸ்டரின் வயிறு

ஓட்டலில் அவர் மாஸ்டர். அடுப்படியிலேயே தலை நரைத்தவர். வீட்டில் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் மனைவிக்கோ, அவர் வாயைத் திறந்தாலே எரிச்சல். வயிற்றைப் பற்றி எது கேட்டாலும் ஒரே பதில்தான்: "ஒண்ணுமில்ல, வாய்வு."

ஊருக்கே சமைப்பவருக்குத் தன் சாப்பாட்டுக்கு நேரம் கிடையாது. கிடைத்தபோது நின்றபடி நாலு வாய், மேலே ஒரு சிகரெட். ஐம்பது தாண்டியதும் அந்த நாலு வாயும் இறங்கவில்லை. மருந்துக்கடையில் அவராகவே ஏதோ சிரப் வாங்கிக் குடித்தார். டாக்டரிடம் போகச் சொன்னதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. அவருடைய சட்டைகளை மறுபடி மறுபடி பிடித்துத் தைத்தவள் ஒருநாள் கத்தரிக்கோலை வீசினாள்.

"இனிமே பிடிக்க முடியாது. துணி இருக்கு, உள்ள ஆளத்தான் காணோம்!"

"எளைச்சா நல்லதுதானே? கடையில எல்லாரும் வயசு குறைஞ்சிருச்சுன்னு சொல்றாங்க."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். கெஞ்சி, திட்டி, பேசாமல் இருந்து, கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்க நாள் வாங்கினாள். வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்பதை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லவைத்தாள்.

அன்று காலை, சரக்கறைச் சாவி கொடுக்க ஓட்டலுக்குப் போனார் மாஸ்டர். அடுப்பில் சூப் கொதித்தது. சமையல்காரன் கை சும்மா இருக்குமா? கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கினார். உப்பு பத்தவில்லை. போட்டுவிட்டு இன்னொரு வாய். அப்படியே பக்கத்துப் பாத்திரங்களும்.

"ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்றாள் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"இல்லம்மா. ருசிதான் பார்த்தேன்."

"எத்தன தடவ?"

"எல்லாப் பாத்திரத்துலயும்!"

திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி தேதி கிடைக்க இரண்டு மாதம் ஆயிற்று. வழி நெடுக அவள் திட்டித் தீர்த்தாள்.

ஒருவழியாகச் சோதனை முடிந்தது. வயிற்றில் புற்று, கல்லீரல்வரை போயிருந்தது.

டாக்டர் பேனாவை மேசையில் போட்டார். "வர்றவங்க முக்கால்வாசி இப்படித்தான். அம்பது தாண்டின ஆம்பளைங்க. நேரத்துக்குச் சாப்பாடு கிடையாது, சிகரெட் வேற. பசியில்ல, எளைச்சுப் போச்சுன்னாலும் வாய்வுன்னு சொல்லிக்கிட்டு மருந்துக்கடையே கதின்னு இருக்கீங்க. முத்தினப்புறம் இங்க வந்து நின்னா நாங்க என்ன பண்றது? அறிவு வேணாமா?"

அத்தனையும் அவளே சொன்னதுதான். இதைவிடக் கடுமையாகவும் சொல்லியிருக்கிறாள். ஆனாலும் மாஸ்டர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அவரத் திட்டறதுக்கு நான் இருக்கேன், டாக்டர். என்ன செய்யணுமோ அதச் சொல்லுங்க."

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "ஆபரேஷன் பண்ற கட்டம் தாண்டிருச்சும்மா. மருந்து குடுத்து, வலி தெரியாம பார்த்துக்கலாம். இன்னும் கொஞ்ச மாசம்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் மாஸ்டர் மெதுவாகக் கேட்டார். "கோவமா?"

"கோவம்தான். நீங்க கிழவனாகிற வரைக்கும் திட்டணும்னு இருந்தேன். அத்தனையும் இனி யார்கிட்டப் போய்க் கொட்டுவேன்?"