பிரிக்க மாட்டேன் என்றாள் அக்கா

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. எஞ்சின் சரியில்லை என்று வண்டி திரும்பி வந்தால், அதைப் பூட்டியவரே எல்லோர் முன்னிலையிலும் பிரிக்க வேண்டும். தப்பு எங்கே என்று தேடுவதற்கு முன்பே, ஸ்பேனரை எடுத்தவர் தலையில் பழி விழுந்துவிடும்.

அக்கா எஞ்சின் பூட்டத் தொடங்கிய பதினோரு வருடத்தில் அவளுக்கு அந்த நிலைமை வந்ததில்லை. அதற்கு முந்தைய ஆறு வருடம் அவளை மண்ணெண்ணெய்த் தொட்டியில் எஞ்சின் சாமான் கழுவ மட்டுமே விட்டிருந்தார்கள். பொம்பளைக்கு எஞ்சினா என்று உதட்டைப் பிதுக்கியவர்களில் ஃபோர்மேன்தான் முதல் ஆள். நான் அங்கே வெல்டர், அவளுடைய தம்பி. நடுநிலையோடு சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

போன திங்கட்கிழமை ஒரு டிரைவிங் ஸ்கூல் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். எஞ்சின் கொதிக்கிறதாம். அந்த எஞ்சினைப் பூட்டியது அக்கா. அதை வண்டியில் ஏற்றி ரேடியேட்டரைப் பொருத்தியது ஃபோர்மேன். ஏற்றும் வேலையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. ரேடியேட்டரைக் கழுவித்தான் மாட்டினேன் என்று அடித்துச் சொன்னார். எஞ்சினுக்குள் கேஸ்கட் தகட்டைக் கோணலாக வைத்திருப்பாள், பிரிக்கச் சொல்லுங்கள் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அவள் தப்பு என்று தெரிந்தால் மறுபடி தொட்டிக்கே போக வேண்டியதுதான் என்றார் முதலாளி.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"பிரிக்க மாட்டேன் முதலாளி. எஞ்சினை வெளிய இறக்கி, ஸ்டாண்டுல நிறுத்தி ஓட்டிக் காட்டறேன். அங்கயும் கொதிச்சா நானே தொட்டிக்குப் போறேன்."

ஸ்டாண்டு எங்களிடம் ஏது? பழைய லாரிச் சட்டத்தை அறுத்து ஒன்றரை நாளில் நான் ஒன்றைச் செய்தேன். வெல்டிங் விட்டுப்போனால் உன்னைத்தான் அதில் கட்டுவேன் என்று அன்பாக மிரட்டினாள். ஆட்டம் தாங்க எஞ்சினுக்கு அடியில் ரப்பர் வைத்தாள். பெட்ரோலுக்கு ஒரு கேன், தரையில் பேட்டரி, புகை போக ஜன்னல் வழியாக ஒரு குழாய், எஞ்சினுக்கு முன்னால் ஸ்டோரிலிருந்து எடுத்த புது ரேடியேட்டர். டெம்பரேச்சர் மீட்டரை ஒரு பலகையில் அடித்துக் கண்ணெதிரே நிறுத்தினாள்.

புதன்கிழமை காலை எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். சாவியைத் திருப்பினாள். சத்தமே இல்லை. மறுபடி திருப்பினாள். ஒன்றுமில்லை. ஃபோர்மேன் வாய்விட்டுச் சிரித்தார்.

அக்கா பேட்டரி ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போனாள். வண்டியில் மாட்டுவதைப் பார்த்த பழக்கத்தில் எர்த் ஒயரை இரும்புச் சட்டத்தில் மாட்டியிருந்தாள். சட்டத்துக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ரப்பர் இருக்கும்போது கரண்ட் எப்படிப் போகும்? கழற்றி நேராக எஞ்சினிலேயே முடுக்கினாள். தப்பு என்னுடையதுதான் என்று சத்தமாகவே சொன்னாள். அந்தக் கூடத்தில் வேறு யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்த திருப்பில் எஞ்சின் ஓடத் தொடங்கியது. ஒரு மணி நேரம் ஓடியும் மீட்டர் முள் பாதியைத் தாண்டவில்லை. புது ரேடியேட்டர் போட்டால் யார் பூட்டிய எஞ்சினும் ஓடும் என்றார் ஃபோர்மேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். அக்கா எஞ்சினை ஆறவிட்டு, காரில் இருந்த ரேடியேட்டரையே கொண்டுவந்து மாட்டினாள். பதினைந்தாவது நிமிடம் முள் சிவப்பைத் தொட்டது. உடனே அணைத்தாள். பிறகு அந்த ரேடியேட்டரைக் கழற்றி மேல் வாயில் தண்ணீர்க் குழாயைச் சொருகினாள். கீழே சொட்டுச் சொட்டாகத் துருக் குழம்புதான் வந்தது.

முதலாளி தொண்டையைச் செருமினார். சரி, புது ரேடியேட்டர் போட்டு ஃபோர்மேன் எஞ்சினை ஏற்றட்டும், நீ அடுத்த வேலையைப் பார் என்றார். அவ்வளவுதான். ஒரு வருத்தம், ஒரு மன்னிப்பு, எதுவும் இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"இல்ல முதலாளி. நான் பூட்டின எஞ்சினை இனிமே நான்தான் ஏத்துவேன். அப்புறம் கொதிச்சா என்னைக் கேளுங்க. இவர் ஏத்தி நான் பதில் சொல்றது இன்னையோட முடிஞ்சுது."

முதலாளி ஃபோர்மேனைப் பார்த்தார். அக்கா யார் பதிலுக்கும் காத்திருக்கவில்லை. எஞ்சின் தூக்கும் செயின் பிளாக்கை இழுத்து வந்து எஞ்சினில் கொக்கியை மாட்டினாள். காருக்குப் போகும் வழியில் ஃபோர்மேன் நின்றுகொண்டிருந்தார்.

"கொஞ்சம் தள்ளிக்குங்கண்ணே."

அவர் தள்ளி நின்றார்.