அண்ணன் தலையில் வைத்த கை

2024 ஜூலை 15, திங்கட்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். பால் காய்ச்சினேன், எங்கள் இருவரின் துணிகளுக்கும் இஸ்திரி போட்டேன், ஈரக் குடைகளை உதறி எடுத்துக்கொண்டேன். ஏழு மணிக்கு நானும் மனைவியும் நாங்கள் குடியிருக்கும் கட்கியில் ஆஸ்பத்திரி பஸ் பிடித்தோம். அன்று காலை அவளுடைய அண்ணனுக்கு இருதய ஆபரேஷன்.

மச்சான் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எங்கள் தமிழ்ச் சபையில் மூப்பர். ஆபரேஷன் என்றால் ஐயர், அதாவது எங்கள் போதகர், நேரில் வந்து தலையில் கைவைத்து ஜெபிப்பது சபை வழக்கம். பல் பிடுங்கப் போகும்போதுகூட ஐயரைக் கூப்பிட்டவர்கள் உண்டு. மும்பைக்குப் போயிருந்த ஐயர், விடியற்காலை ரயிலில் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

நாங்கள் வார்டுக்குள் நுழைந்தபோது மச்சானின் போன் ஸ்பீக்கரில் அவர்தான் பேசிக்கொண்டிருந்தார். வழியில் லோணாவளா பக்கம் மழையில் ரயில் நின்றுவிட்டதாம்.

"அப்ப இன்னைக்கு வேண்டாம். நாளைக்கு வச்சுக்கலாம்னு டாக்டர்ட்ட சொல்லுங்க மாப்ளே" என்றார் மச்சான் என்னிடம்.

அடைப்பு அதிகம், ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது என்று டாக்டர் முந்தின நாளே எச்சரித்திருந்தார். அதைச் சொன்னேன். மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

போனிலேயே ஜெபிக்கிறேன் என்றார் ஐயர்.

"போன்ல எப்படி ஐயா கை வைப்பீங்க?"

"தங்கச்சி பக்கத்துலதான நிக்காங்க? அவங்க வைக்கட்டும்."

மச்சான் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஏட்டி, நீ என்ன ஐயரா?"

"இல்லண்ணே. ஆனா உங்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அதே தண்ணியிலதான் எனக்கும் கொடுத்தாங்க. விசுவாசிங்க எல்லாருமே ஆசாரியர்தான்னு வாலிபர் கூட்டத்துல பாடம் எடுத்தது யாரு?"

"அது பாடம்."

"இது பரீட்சை."

ஸ்ட்ரெச்சரோடு வந்த நர்ஸ், "சலா, காகா" என்று மராத்தியில் கிளம்பச் சொன்னாள். மச்சான் "ஏக் மினிட்" என்று விரலைக் காட்டிவிட்டுத் தலையைக் குனிந்தார்.

அவள் கை வைத்தாள். ஐயரின் ஜெபத்தமிழ் அவளுக்கு வராது. வீட்டில் பேசுவதுபோலவே பேசினாள். "ஆண்டவரே, எங்கண்ணனுக்குப் பயமா இருக்கு. வெளிய சொல்ல மாட்டாரு. நீங்க கூடவே உள்ள போங்க. டாக்டர் கையையும் பிடிச்சுக்கோங்க." ஆமென் என்று உரக்கச் சொன்னது மச்சான்தான்.

ஸ்ட்ரெச்சர் நகர்ந்தபோது, "பயம்னு ஏம்ட்டி சொன்ன?" என்றார்.

"சாமிகிட்ட பொய்யா சொல்ல முடியும்?"

எனக்குப் பெருமையாக இருந்தது. திருமணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஜெபம் செய்கிறவன் நான், ஆமென் சொல்கிறவள் அவள். யாரும் செய்த ஏற்பாடு அல்ல, அப்படியே பழகிவிட்டது. எங்கள் சபை நம்புவதாகச் சொல்லிக்கொள்ளும் ஒன்றை அவள் மருத்துவமனை வார்டில், அத்தனை பேர் பார்க்கச் செய்து காட்டினாள். கை வைத்து ஜெபித்தவள் என் மனைவி என்று அங்கிருந்தவர்களிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. நர்ஸிடம் மட்டும் சொன்னேன். ஆபரேஷன் பிற்பகலில் நல்லபடியாக முடிந்தது.

மறுநாள் காலை முதல் வேலையாக ஐ.சி.யு. வாசலுக்குப் போனோம். ஐயரும் வந்திருந்தார். ஒருவரைத்தான் உள்ளே விடுவார்கள். யார் வரட்டும் என்று நர்ஸ் மச்சானிடம் கேட்டுவந்து, "பெஹன்" என்றாள், தங்கையைத்தான். ஐயர் சிரித்துக்கொண்டே வழிவிட்டார். மனைவியின் செருப்பையும் கைப்பையையும் நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அவள் கைகளைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.