மலையா, மாலையா

1. பழைய கணினி நிரலில் இருக்கும் தமிழ்ப் பெயர்களை எல்லாம் ஆங்கிலத்துக்கு மாற்றச் சொன்னார்கள்.
2. malai என்ற மாறியை மாற்றினேன்.
3. அலுவலக வேன்களின் பட்டியல் நின்றுபோனது.
4. திரும்ப malai என்றே வைத்தேன். பட்டியல் வந்தது.
5. எரிச்சல் போகவில்லை.

மாறி என்பது ஒன்றுமில்லை, எண்ணைப் போட்டு வைக்கும் டப்பா. பெயர், அதன்மேல் ஒட்டிய சீட்டு. எங்கள் செங்கல்பட்டு வீட்டில் ‘சர்க்கரை’ என்று ஒட்டிய டப்பாவில் அம்மா உப்பு வைத்திருப்பார். அந்த உப்பில் காபி குடித்தும் நான் பாடம் கற்கவில்லை.

நாவலூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் அலுவலக வேன்களை அனுப்பும் நிரலில் count1, count2, countnew, countnewfinal என்றுதான் பெயர்கள் இருக்கும். என் பக்கத்து நாற்காலிக்காரி கல்பனாவுக்கு அது பொறுக்கவில்லை. "எல்லாமே கவுண்ட்டுனா எது இன்னான்னு எப்டிடி தெரியும்? நம்ம பேரு வெய்யி."

அவள் ஊர் திருக்கழுக்குன்றம். மலையடிவார நிறுத்தத்தில் நாளை எத்தனை பேர் ஏறுவார்கள் என்ற எண்ணுக்கு malai என்று வைத்தாள். மாலை ஷிப்டைச் சேர்க்கும் வேலை எனக்கு. malai கண்ணில் பட்டது. மாலை என்று படித்து, மாலை ஷிப்டின் எண்ணை அதிலேயே போட்டேன். மறுநாள் அந்த ஷிப்டுக்கு ஆளே இல்லை. பூஜ்யம்.

பூஜ்யம் பேர் நிற்கும் இடத்துக்கு வேன் எதற்குப் போகும்? அங்கே நின்றிருந்தவள் கல்பனா. அன்றுதான் அவளை நிரந்தரமாக்கும் நேர்காணல். பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"வேன் வர்ல சார்," என்றாள் மேனேஜரிடம்.

"நீ எழுதுன ப்ரோகிராம்தானேம்மா அது?"

malai-யில் பூஜ்யத்தைப் போட்ட வரி என்னுடையது. இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. எனக்கும் அடுத்த வாரம் நேர்காணல்.

கல்பனா கண்டுபிடித்துவிட்டாள். திரும்பும் வேனில், "மாலைக்கு ரெண்டு ஏ போடணும்டி, லூசு," என்று சிரித்தாள். மாதக் கடைசியில் அவளைப் போகச் சொன்னார்கள். அப்போது சிரிக்கவில்லை. "நீ ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டாள்.

இப்போது எங்கள் நிரலில் பெயர்கள் ரயில் பெட்டி மாதிரி நீளமான ஆங்கிலம். யாருக்கும் குழப்பமில்லை, யாருடைய ஊரும் இல்லை. கல்பனாவின் பழைய போன் எண்ணுக்குப் போட்டால் வேறு யாரோ எடுக்கிறார்கள். மலையடிவார நிறுத்தத்தையும் எடுத்துவிட்டார்கள். malai மட்டும் இருக்கிறது. எதுவோ இன்னும் அந்தப் பெயரைத் தேடுகிறது. அதன் மதிப்பு பூஜ்யம்.