கருடன் எடுத்த மீன்

சாலைக் கடைத்தெருவின் முனையில் நாகர்கோவில் பஸ்ஸுக்காக நிற்கிறேன். விழிஞ்ஞத்திலிருந்து நடந்தே வந்த மீன்காரி ஒருத்தி, கூடையை இறக்கிவைத்து மூச்சு வாங்குகிறாள். செம்பருந்து ஒன்று சரேலென்று இறங்கி, கூடையிலிருந்ததில் பெரிய மீனைக் கவ்விக்கொண்டு மேலேறுகிறது.

அரிசிக்கடை முதலாளி கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். "கருடனாக்கும் எடுத்தது. ஒனக்குப் புண்ணியந்தான்" என்கிறார் அவளிடம், நாலடி தள்ளி நின்றபடியே. பறிகொடுத்தவளுக்கு இதுதான் ஆறுதல்.

"உனக்கும் அது சாமிதானா?" என்று நான் கேட்கிறேன்.

அவள் கழுத்துச் சிலுவையைத் தொடுகிறாள். "எங்க வேதக்கோயில்ல புறாவாக்கும் பரிசுத்த ஆவி. அது மீனெடுக்காது." பிறகு கோட்டைக்குள் தெரியும் கோயில் கோபுரத்தைக் கை காட்டுகிறாள். "இவன் இப்பம் அந்தக் கோபுரத்துல ஏறி இருந்து தின்னுவான், பாருங்க. இதே மீனோட நான் அந்தத் தெருவுல கால் வச்சா அடிச்சு வெரட்டுவாங்க."

பருந்து மீனோடு கோபுரத்தில் போய் உட்காருகிறது. முதலாளி மறுபடியும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். அவளுடைய கூடையின் வாடைக்காக மூக்கைப் பொத்தியிருந்த என் கையும் கன்னத்துக்குத்தான் போகிறது.