வரம்பில் போட்ட படிகாரச் சேறு

எங்கள் ஊர் கிளிநொச்சிப் பக்கம். வயலில் போடும் உரம் மழையோடு கழுவுப்பட்டுக் குளத்தில் போய்ச் சேர, மாரி முடிந்ததும் குளம் பச்சைப் பாசி மூடிக் கிடக்கும். மாடுகூட வாய் வைக்காது. இதற்கு ஒரு வழி வட்டுக்கோட்டையில் இருக்கிறது என்று கேள்விப்பட்டுத்தான் பொங்கல் கழிந்த மறு வாரம் வெளிக்கிட்டேன்.

யாழ்ப்பாணம் வரை அறுபத்தைந்து கிலோமீற்றர். காலை பஸ்ஸில் இரண்டு மணித்தியாலம். அங்கிருந்து வட்டுக்கோட்டைக்கு இன்னொரு பஸ், பன்னிரண்டு கிலோமீற்றர். சந்தியில் இறங்கி ஓட்டோவுக்கு முந்நூறு ரூபா. சாப்பாட்டை யாழ்ப்பாணத்திலேயே முடித்துவிடுங்கள். நான் முடிக்காமல் போய், பால் விடாத பிளேன்ரீயோடு சமாளித்தேன்.

நான் தேடிப் போனது பவளமக்காவை. ஐம்பது வயதிருக்கும், தனியாக வெங்காயத் தோட்டம் செய்கிறவர். ஒரு விவசாயக் கூட்டத்தில் பழக்கமானோம். குடிதண்ணீரைப் படிகாரம் போட்டுத் தெளிய வைக்கும் இடத்தில் அடியில் ஒரு சேறு மிஞ்சும். கழிவென்று குவித்து வைத்திருப்பார்கள். அதைக் காயவைத்து, தோட்டத்துத் தண்ணீர் குளத்துக்கு இறங்கும் வரம்பில் பரப்பினால், உரத்திலிருந்து கரைந்து வரும் பொசுபரசு என்ற சத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும். பாசிக்குத் தீனி குறையும். கார்த்திகை மழைக்கு முன்னம் அக்கா செய்தது இதைத்தான்.

அக்காவோடு போய் அவர் தோட்டத்தடிக் குளத்தைப் பார்த்ததும் எனக்கு நம்பவே முடியவில்லை. அடியில் கிடந்த கல் தெரிந்தது. ஆனால் வரம்பில் பெட்டி பூட்டிய லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்று நின்றது. ஒருவர் மண்வெட்டியால் அந்தச் சேற்றைச் சுரண்டிப் பெட்டியில் எறிந்துகொண்டிருந்தார். பக்கத்துத் தோட்டக்காரர் குமரன்.

“ஏன் அக்கா, அவர் அதை அள்ளுறார்?” என்று கேட்டேன்.

“அவன்தான் அள்ளவேணும் எண்டவன். நான் ஓம் எண்டிட்டன்.”

நடந்தது இதுதான். மிஞ்சிய சேற்றை அக்கா குமரனுக்குக் கொடுத்திருக்கிறார். அவரும் தன் வரம்பில் போட்டார். கொஞ்சம் போட்டாலே நல்லதென்றால் நிறையப் போட்டால் இன்னும் நல்லதுதானே என்று, மீதியைத் தோட்டம் முழுக்கக் கொத்திக் கலந்துவிட்டார். வேருக்குப் போகவேண்டிய பொசுபரசையும் சேறு பிடித்துவிட்டது. அவருடைய வெங்காயம் விரல் நீளத்தோடு நின்று, தாள் கறுத்துச் சோர்ந்து கிடந்தது. பாத்தி பாத்தியாக அப்படியே. அந்தச் சேறே கிட்டக் கிடக்கக்கூடாதென்று, அக்காவின் வரம்பில் கிடந்ததையும் அள்ள வந்துவிட்டார்.

நான் குமரனிடம் போனேன். “அண்ணை, தோட்டத்துக்குள்ள போட்டதாலைதான் இப்பிடி வந்தது. வரம்பில கிடக்கிறது ஒண்டும் செய்யாது. அதை விடுங்கோவன்.”

அவர் நிமிரவில்லை. “இப்ப சொல்லுறியள். போடேக்குள்ள ஒருத்தரும் சொல்லேல்லையே.”

அக்கா என்னை அப்பால் அழைத்துப் போனார்.

“நான் சொல்லியிருக்கோணும். எங்கை போடுறது, எங்கை போடக்கூடாது எண்டு. தெரிஞ்சிருக்கும் எண்டு விட்டிட்டன். தண்ணி தெளிஞ்சது உண்மை. அவன்ரை வெங்காயம் போனதும் உண்மைதானே, தம்பி? அவனிட்டைப் போய் நான் என்னத்தைக் கதைக்கிறது?”

பின்னேரத்துக்குள் வரம்பு வெறுமையானது. அக்காவும் ஒரு மண்வெட்டி எடுத்துக் கூட அள்ளினார். அதைப் பார்த்துக்கொண்டு நின்றது அந்தப் பயணத்திலேயே கடினமான நேரம். கடைசி பஸ் தவறிவிடுமென்று ஐந்து மணிக்குக் கிளம்பினேன்.

நீங்களும் இதைச் செய்து பார்க்க நினைத்தால்: சேற்றில் வேறென்ன கலந்திருக்கிறதென்று முதலில் பரிசோதியுங்கள். தண்ணீர் வெளியேறும் ஓரத்தில் மட்டும் போடுங்கள், பயிர் நிற்கும் மண்ணில் வேண்டாம். அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தால், கூடவே நின்று போட்டுக் காட்டுங்கள்.

வட்டுக்கோட்டைக்குப் போனாலும் இனிப் பார்க்க ஒன்றுமில்லை. அடுத்த மாரியோடு அந்தக் குளம் திரும்பப் பச்சையாகிவிடும். குமரனுக்கு அது தெரியுமோ தெரியாது. அக்காவுக்குத் தெரியும். தெரிந்தேதான் அள்ளினார்.