ஸ்கோர் பார்த்துக் கையெழுத்து

1. சேர்ந்த அன்று

கல்கத்தாவில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று என் ஷார்ட்ஹேண்ட் வேகம் என்ன என்று யாரும் கேட்கவில்லை. கும்பகோணத்தில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, டைப்பும் ஷார்ட்ஹேண்டும் பாஸ் செய்து, சான்றிதழ்களை மடிப்புக் கலையாமல் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தேன். அவற்றையும் யாரும் பார்க்கவில்லை. கிளைவ் தெருவில் இருந்த அந்தச் சணல் கம்பெனியின் ஹெட் கிளார்க் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

"கிரிக்கெட் தெரியுமா?"

"தெரியாது, சார்."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு தூரம் வந்தே?"

அவரை ஆபீசில் எல்லோரும் பெரியபாபு என்றுதான் கூப்பிடுவார்கள். பாதி இங்கிலீஷிலும் பாதி வங்காளியிலும் பேசுவார். அவர் சொன்னதையெல்லாம் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

எனக்குக் கொடுத்த முதல் வேலை இதுதான். இங்கிலாந்தில் அப்போது டெஸ்ட் மாட்ச் நடந்துகொண்டிருந்தது. அங்கே முந்தின நாள் ஆடிய ஆட்டத்தின் ஸ்கோர் இரவில் தந்தியில் வந்துவிடும். காலையில் பத்திரிகை ஆபீஸ் வாசலில் பலகையில் எழுதிப் போடுவார்கள். ஆபீசுக்கு வரும் வழியில் நான் அதைப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு வந்து பெரியபாபுவிடம் ஒப்பிக்க வேண்டும். பலகைக்கு முன்னால் எப்போதும் கூட்டமாக இருக்கும். மழையில் குடை மேல் குடை இடிக்கும். எனக்குக் கூச்ச சுபாவம். முண்டியடித்து முன்னால் போக வராது. அதனால் பின்னால் நின்று யாராவது உரக்கப் படிக்கும் வரை காத்திருப்பேன். கல்கத்தாவில் அதற்கு அதிக நேரம் காத்திருக்க வேண்டியதில்லை.

2. இரண்டு தட்டுகள்

பெரியபாபு மேஜையில் இரண்டு மரத் தட்டுகள் இருந்தன. ஆபீசில் யார் எந்த மனு கொடுத்தாலும் அவர் கைக்குத்தான் போகும். அவர்தான் பெரிய துரையிடம் கையெழுத்து வாங்குவார். அப்போதிருந்த துரை அசல் இங்கிலீஷ்காரர், கிரிக்கெட் பைத்தியம். இங்கிலாந்து நன்றாக ஆடினால் வலது தட்டு உள்ளே போகும். லீவு, முன்பணம், வேலையில் நிரந்தரமாக்குவது என்று கேட்பதெல்லாம் அந்தத் தட்டில். இங்கிலாந்து சுருண்டுவிட்டால் இடது தட்டு மட்டும் போகும். அதில் கப்பல் சீட்டும் பில்லும்தான் இருக்கும்.

இந்த ஏற்பாட்டால் பிழைத்தவர்கள் உண்டு. அக்கவுண்ட்ஸில் சாம்பமூர்த்தி என்று தஞ்சாவூர்க்காரர் ஒருவர் இருந்தார். பவானிப்பூர் மெஸ்ஸில் என் அறைத் தோழர். தங்கை கல்யாணத்துக்கு ஒரு மாத லீவு கேட்டிருந்தார். இங்கிலாந்தின் முதல் ஆட்டக்காரர் ஒருவர் சதம் அடித்த காலையில் அந்த லீவு கிடைத்தது. நன்றி மறக்காத மனுஷர். அன்று மாலையே காளிகட்டுக் கோயிலுக்குப் போய், பண்டா என்கிற அங்கத்துப் பூசாரியைப் பிடித்து அந்த ஆட்டக்காரர் பேருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தார்.

"பேர் சொன்னேன், பண்டாவுக்கு வாயில நுழையலை. அப்புறம் கோத்திரம் என்னன்னு கேட்டுட்டான் ஓய்!"

"என்ன சொன்னேள்?"

"கோத்திரம் தெரியாதவா எல்லாருக்கும் என்ன சொல்றது? காஸ்யபம்னுட்டேன்."

இரண்டு வருஷம் கழித்து நான் நிரந்தரமாக வேண்டிய முறை வந்தது. பெரியபாபு என் தாளைத் தயார் செய்து வலது தட்டில் வைத்தார். அந்த நேரம் பார்த்து உலகத்தில் எங்கேயும் டெஸ்ட் இல்லை.

"இப்போ வச்சா வீணாப் போகும். சீசன் வரட்டும்" என்றார்.

சீசன் வருவதற்குள் துரை உடம்பு சரியில்லாமல் சொந்த ஊருக்குக் கப்பலேறிவிட்டார். என் தாள் தட்டிலேயே இருந்தது.

இதற்கிடையில் மாயவரத்தில் எனக்குப் பெண் பார்த்து முடித்திருந்தார்கள். ஜாதகம் பொருந்தியிருந்தது. பெண்ணின் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அவருக்கு ஒரு வார்த்தைதான் தேவைப்பட்டது. 'பையன் பெர்மனென்ட்டா?' என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்பார். கடைசியாக வந்த கடிதத்தில், தை பிறப்பதற்குள் பதில் வராவிட்டால் ரயில்வேயில் ஒரு பையன் இருக்கிறான், பெர்மனென்ட், என்று எழுதியிருந்தார். நான் பெண்ணை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். பஜ்ஜித் தட்டை நீட்டும்போது, "காரம் ஜாஸ்தி, பாத்து சாப்பிடுங்கோ" என்று சொன்னாள். அந்த வீட்டில் என்னிடம் பேசிய ஒரே ஆள் அவள்தான். அவள் ரயில்வேக்குப் போவதை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. இதை யாரிடமும் சொல்லவில்லை. சாம்பமூர்த்தி தானாகவே தெரிந்துகொண்டு மெஸ் முழுக்கச் சொல்லிவிட்டார்.

3. புதுத் துரை

குளிர்காலம் ஆரம்பிக்கும்போது புதுத் துரை வந்தார். உயரமான ஆள், செம்பட்டை மீசை. டிக்டேஷன் கொடுக்கும்போது நாக்கை உருட்டி உருட்டிப் பேசுவார். பாதி எனக்கு யூகம்தான். அந்த வருஷம்தான் இங்கிலாந்து டீம் இந்தியாவுக்கே வந்து டெஸ்ட் ஆடுவதாக இருந்தது. பம்பாயில் ஒன்று, அடுத்து கல்கத்தாவில்.

"இவருக்கு எப்படியோ?" என்று நான் இழுத்தேன்.

"துரைன்னா எல்லாருக்கும் ஒரே வியாதிதான்" என்றார் பெரியபாபு.

பம்பாயில் இங்கிலாந்து ஒன்பது விக்கெட்டில் ஜெயித்தது. தந்தி வந்த காலையில் பெரியபாபு புதுச் சால்வை போட்டுக்கொண்டு, பல மாதமாகச் சேர்ந்திருந்த வலது தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு உள்ளே போனார். நாங்கள் எல்லோரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். போன வேகத்திலேயே திரும்பி வந்தார். மேலே இருந்த லீவு மனுக்கள் பத்தின் குறுக்கேயும் சிவப்புப் பென்சிலால் ஒரே கோடு. அதற்குக் கீழே இருந்ததையெல்லாம் துரை பார்க்கவே இல்லையாம். என் தாள் அடியில் இருந்ததால் தப்பித்தது.

பெரியபாபு அன்று முழுவதும் வெற்றிலையே போடவில்லை. மறுநாள் காலையில் முகம் தெளிந்திருந்தது.

"தப்பு என்னன்னு கண்டுபிடிச்சுட்டேன். முந்தின துரை சாதாரண ரசிகர். இவர் பெரிய ரசிகர். ஒன்பது விக்கெட் இவருக்குப் போதலை. இன்னிங்ஸ்ல ஜெயிக்கணும்!"

ஒரு டீம் இரண்டு தடவை ஆடியும் எதிராளி ஒரு தடவை ஆடியதை எட்டாமல் தோற்றால் அதுதான் இன்னிங்ஸ் தோல்வி. அதைவிடக் கேவலமான தோல்வி கிடையாது. பெரியபாபு சுதேசிக்காரர். வீட்டில் கதர்தான் கட்டுவார். அவரே, கல்கத்தாவில் நம் டீம் அப்படித் தோற்க வேண்டும் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். இது விசித்திரமாக இருக்கிறதே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

4. மைதானத்தில்

ஈடன் தோட்டத்து மைதானத்துக்கு, பெரியபாபு அனுமதியோடு, மலிவு டிக்கெட் எடுத்துக்கொண்டு நானும் சாம்பமூர்த்தியும் போனோம். கல்கத்தாக்காரர்கள் குளிருக்காக மப்ளரைத் தலையோடு சுற்றிக்கொண்டு, மடியில் ஆரஞ்சுப் பழங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டம் மந்தமாக இருக்கும் ஓவரில் எல்லோரும் ஒரே சமயத்தில் பழத்தை உரிப்பார்கள். மைதானம் முழுக்க அந்த வாசனைதான். எதிர்ப்பக்கம் வெள்ளைக்கார டெண்ட். அதில் செம்பட்டை மீசை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டேன். தெரிந்தது. அசையாமல் உட்கார்ந்திருந்தார். என்ன கவனம் என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கிலாந்து மலையாக ரன் குவித்தது. நம்மவர்கள் ஆடத் தொடங்கியதும் விக்கெட் விழுந்தது. சுற்றி இருந்தவர்கள், "ஐயோ" என்று தலையில் கை வைத்தார்கள். சாம்பமூர்த்தி என் தொடையைக் கிள்ளினார்.

"ஒண்ணு! வேண்டிக்கும் ஓய். உம்ம மாமனாருக்குத் தந்தி அடிக்கலாம்."

பக்கத்தில் இருந்த வங்காளிப் பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வருத்தப்படாதே தம்பி. இன்னும் ஆள் இருக்கு" என்று ஆரஞ்சில் பாதியை என் கையில் வைத்தார். அதைத் தின்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

நம் ஆட்டக்காரர் ஒருவருக்குத் தலையில் பந்து பட்டது. தாங்கிப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். இனி வரமாட்டார் என்றார்கள். பின்னால் இன்னும் சில விக்கெட் விழுந்த பிறகு, ஆட்டக்காரர்கள் கூடாரத்துப் பக்கம் ஒரு சத்தம் கிளம்பியது. தலையைச் சுற்றி வெள்ளைக் கட்டோடு அந்த மனுஷர் மட்டையை எடுத்துக்கொண்டு நடந்து வந்தார். மைதானமே எழுந்து நின்றது. எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. கையைத் தட்டிக்கொண்டிருந்தேன். வாயிலிருந்து சத்தமும் வந்திருக்கிறது. கூட்டத்தில் நான் குரல் எழுப்பியது அது ஒரு தடவைதான்.

சாம்பமூர்த்தி என் கோட்டு நுனியைப் பிடித்து இழுத்தார்.

"உக்காரும் ஓய்! அவன் நின்னா உம்ம கல்யாணம் நின்னுடும்!"

நான் உட்காரவில்லை.

அவர் நின்று ஆடியும் நம்மவர்களுக்குப் பற்றாமல் போய், உடனே மறுபடியும் ஆட வேண்டியதாயிற்று. ஃபாலோ ஆன் என்பார்கள். பெரியபாபுவுக்கு அன்று சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் இரண்டாவது தடவையும் தலைக்கட்டுக்காரர் நிலைத்து நின்றார், மற்றவர்களும் நின்றார்கள். கடைசி நாள் சாயங்காலம் ஆட்டம் டிராவில் முடிந்தது. மக்கள் தொப்பியைத் தூக்கி வீசினார்கள். நான் டிராமில் ஏறிப் பவானிப்பூர் போய்ச் சேரும் வரை மாயவரத்துக்கு என்ன பதில் எழுதுவது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். வருத்தம் இருந்தது, ஆனால் கை தட்டியதற்காக வருத்தம் இல்லை.

5. துக்கம் விசாரித்தது

மறுநாள் பெரியபாபு என்னைக் கூப்பிட்டார். "இன்னிக்கு எந்தத் தட்டும் உள்ளே போகாது. நீ டிக்டேஷனுக்குப் போகும்போது டிபார்ட்மெண்ட் சார்பா வருத்தம் தெரிவிச்சுட்டு வா. அடுத்த டெஸ்ட் வரைக்கும் கோபம் தணியணும்."

உள்ளே போனேன். துரை நாலு கடிதம் கொடுத்தார். முடிந்ததும் எழுந்து நின்று, மனப்பாடம் செய்துகொண்டு போனதை இங்கிலீஷில் ஒப்பித்தேன். "சார், தங்கள் டீம் ஜெயிக்காமல் போனதற்கு டிபார்ட்மெண்ட் சார்பில் ஆழ்ந்த வருத்தம்."

"எந்த டீம்?" என்றார்.

"இங்கிலாந்து, சார்."

பைப்பை வாயிலிருந்து எடுத்தார். "மிஸ்டர் மணி, நான் எந்த ஊர்?"

"லண்டன், சார்." எங்களுக்கு எல்லாத் துரையும் லண்டன்தான்.

"டண்டீ. ஸ்காட்லாண்டு. எங்கள் ஊரில் மழை நின்றால்தான் அந்த ஆட்டம் ஆட முடியும். மழை நின்றதாக எனக்கு ஞாபகம் இல்லை. கவர்னர் வருகிறார் என்று என்னை டெண்டில் உட்கார வைத்துவிட்டார்கள். தினமும் நன்றாகத் தூங்கினேன். யார் ஜெயித்தது?"

"டிரா, சார்."

"நாலு நாள் ஆடியா?" என்றவர் சிரித்துவிட்டார். "வேறு ஏதாவது உண்டா?"

வழக்கமாக இந்தக் கேள்விக்கு நான் இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுவேன். அன்று தைக்கு ஐந்து நாள்தான் இருந்தது. "என் கன்ஃபர்மேஷன் தாள், சார்" என்றேன்.

"எங்கே?"

"பெரியபாபு தட்டில்."

"எவ்வளவு நாளாக?"

"பத்து மாசமா."

"ஏன்?"

"நல்ல சமயம் பார்த்து..." என்று முழுங்கினேன்.

"போன மாதம் உங்கள் பாபு ஒரு கூடைத் தாளோடு வந்தார். ஒரே நாளில் அத்தனை பேருக்கும் லீவு கொடுத்தால் சணலை நானா மூட்டை கட்டுவது?" என்று மேஜை மணியை அடித்தார். பியூன் தட்டைக் கொண்டுவந்தான். துரை அடியிலிருந்து என் தாளை உருவிக் கையெழுத்துப் போட்டார். தலையைக்கூடத் தூக்கவில்லை.

வெளியே வந்ததும் தபால் ஆபீசுக்கு ஓடி மாயவரத்துக்குத் தந்தி கொடுத்தேன். பெர்மனென்ட் என்ற ஒரே வார்த்தை. திரும்பி வந்து பெரியபாபுவிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். துரைக்குக் கிரிக்கெட்டே பிடிக்காது என்பதை இரண்டு தடவை சொன்னேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"ஸ்காட்லாண்டா! அதை முதல்லயே சொல்ல வேண்டாமா? இங்கிலாந்துக்குப் பரம்பரை விரோதி! பம்பாயில ஜெயிச்சாங்க, கோடு கிழிச்சுப் போட்டார். இங்கே ஜெயிக்கலை, கையெழுத்துப் போட்டார். என் கணக்கு சரிதான், பக்கம்தான் மாறிப் போச்சு."

அங்கேயே வலது தட்டை எடுத்து இடது பக்கமும், இடது தட்டை எடுத்து வலது பக்கமும் வைத்தார். அந்தத் துரை இருந்த வரையில் ஆபீஸ் அப்படித்தான் நடந்தது. இங்கிலாந்து தோற்ற காலைகளில் லீவு கேட்டவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். மற்றக் காலைகளில் யாரும் கேட்கவில்லை.

6. கற்றது

பெரியபாபு போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த நாற்காலியில் இப்போது நான் இருக்கிறேன். ஆபீஸ் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். உங்களுக்கு ஒன்று வேண்டுமென்றால் தாளை எழுதி அன்றைக்கே உள்ளே கொடுத்துவிடுங்கள். கையெழுத்துப் போடுகிறவரின் மனநிலையை ஆராயாதீர்கள். அவர் அநேகமாகத் தூங்கிக்கொண்டிருப்பார்.

இந்த வருஷம் குடும்பத்தோடு மாயவரம் போக ஒரு மாத லீவுக்கு நானும் எழுதி வைத்திருக்கிறேன். மேஜை டிராயரில் இருக்கிறது. வீட்டில் தினமும் கேள்விதான்.

"இன்னுமா குடுக்கலை? அன்னிக்குத் துரைகிட்ட மட்டும் எப்படி வாய் வந்தது?"

"சனிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோ" என்றேன்.

சனிக்கிழமை இங்கிலாந்தில் நம் டீமுக்கு டெஸ்ட் ஆரம்பம். இப்போது பலகைக்கு முன்னால் நிற்க வேண்டியதில்லை, ரேடியோவிலேயே சொல்லிவிடுகிறான். எங்கள் இப்போதைய துரை எந்த ஊர் என்றும் விசாரித்து வைத்திருக்கிறேன். வேல்ஸ் என்றார்கள். அந்த ஊர்க்காரர்கள் எந்தப் பக்கம் என்பதுதான் இன்னும் ஒருவருக்கும் தெரியவில்லை.